நாற்பத்தொரு சிவப்புக் கோடுகள்

ஆறு மணிக்கு எழுகிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் துலக்குகிறேன். பால் பொங்குவதற்குள் வாய் கொப்பளித்து முடித்துவிடலாம். தேநீரை நின்றபடியே குடிக்கிறேன். பின்கதவைத் திறந்து வண்டிக் கொட்டகைக்குப் போகிறேன். பேட்டரி சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்து சாவியை ஒரே ஒரு நிலை திருப்புகிறேன். பின்னால் பெட்ரோல் தொட்டிக்குள் பம்ப் உறுமுகிறது. இரண்டு வினாடியில் நின்றுவிடுகிறது. சாவியை உருவிக்கொண்டு கதவைச் சாத்துகிறேன். குளிக்கிறேன். ஏழு ஐந்துக்குப் பேருந்து.

ஏழு மாதமாக இதுதான் என் காலை. அந்த ஏழு மாதத்தில் இன்ஜினை நான் ஒரு தடவைகூடச் சுற்றவிடவில்லை.

பம்ப் சத்தம் வந்தால் என் மனைவி இழுத்த வயர்கள் இன்னும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். சாவியை இன்னொரு நிலை திருப்பினால் வேறொரு கேள்விக்குப் பதில் வந்துவிடும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன்.

வண்டி என் மாமனாருடையது. ஐம்பத்தெட்டு வருடத்து வண்டி. நான்கு கதவு, சாம்பல் கலந்த பச்சை, தவளைக் கண் மாதிரி முன்விளக்குகள். என் மனைவி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அதில்தான் வந்தாள். மாமனார் நில அளவைத் துறையில் இருந்தவர். வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்டியரிங்கை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. மகன் கார் மெக்கானிக். மகனுக்கும் கொடுத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன், குளிரான ஒரு காலையில், நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்த நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. அவர் சோக்கை இழுத்தார். குளிரில் கார்பரேட்டருக்குப் போகும் காற்றை அடைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழ் அது. ஸ்டியரிங்குக்குக் கீழே கறுப்பாக இருக்கும். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பெட்ரோல் வாடை வந்தது. இன்ஜின் வரவில்லை. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன். ஒருவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "பெருசு, வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுட்டு வீட்ல உக்காரு" என்றான்.

பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள். அவனுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிய மாமனார் அதைத் திரும்ப எடுக்கவில்லை. கேட்டால் கண்பார்வை என்பார். கண்ணாடி போட்டால் அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் பேருந்துப் பணிமனையில், இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தாள். பேருந்துகளில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சோதித்து அளவு வைப்பது அவள் வேலை. ஒரு நாள் அப்பாவிடம் போய், "வண்டிய குடுங்கப்பா, சரி பண்ணித் தரேன்" என்று கேட்டாள். கார்பரேட்டரைச் சுத்தம் செய்யப்போகிறாள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தார். இவள் அடுத்த வாரமே கார்பரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இது எதுக்கு எனக்கு?"

"ஷோகேஸ்ல வைங்கப்பா. அழகா இருக்கும்."

இரண்டு மாதம் அவர் மகளோடு பேசவில்லை.

கார்பரேட்டர் இருந்த இடத்தில் அவள் வைத்தது வேறு ஏற்பாடு. எனக்கு அதை ஒரே மூச்சில் விளக்கினாள். "கார்பரேட்டர் கண்ண மூடிட்டு உத்தேசமா ஊத்தும். நாலு சிலிண்டருக்கும் ஒரே கரண்டி. இது நாலுக்கும் தனித்தனி இன்ஜெக்டர். எவ்வளவு காத்து போகுது, எவ்வளவு சூடு இருக்குன்னு பாத்து, சொட்டு சொட்டா அளந்து குடுக்கும். புரிஞ்சுதா?" புரிந்தது என்றேன். "பொய்" என்றாள்.

காற்றுக் குழாயில் நான்கு துளை போட்டு இன்ஜெக்டர்களுக்கு இருக்கை பற்றவைத்தாள். பெட்ரோல் தொட்டிக்குள் புதிய பம்ப் இறக்கினாள். டாஷ்போர்டுக்கு அடியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். நான்கு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பங்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் எடுக்காமல் விட்டாள். அதற்குள் ஒரு சென்சார் பொருத்தினாள். இன்ஜின் எந்தச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு அதுதான் தகவல் சொல்லும். சோக் குமிழுக்கு வேலை இல்லை. அதை எடுத்துவிட்டு, ஓட்டையை என் பழைய கோட்டின் பொத்தானால் அடைத்தாள்.

ஒரு வருடம், சனி ஞாயிறு எல்லாம் இதற்கே போயிற்று. ஒரு வியாழக்கிழமை மாலை கடைசி போல்ட்டை முறுக்கினாள். "நாளைக்கு ஸ்டார்ட் பண்றோம். லீவு போடு."

லீவு போட்டேன். வெள்ளி காலை தலைவலி என்றாள். குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சனி காலை தெளிந்து கொஞ்சம் பேசினாள். இன்னொரு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நினைவு திரும்பவில்லை. ஞாயிறு மதியம் முடிந்தது. வயது முப்பத்தொன்று.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஸ்கேன் அறை வாசல் வரை கூடப் போனவன் நான் ஒருவன்தான். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னாள். ஆனால் அது கடைசிப் பேச்சு மாதிரி இல்லை. வண்டி ஓடினால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு. ஓடாவிட்டால் அதைச் சொல்லி அவளை நானே கேலி செய்த மாதிரி ஆகிவிடும்.

நான் வாயை மூடிக்கொண்டதால் நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் அந்த இடத்தை நிரப்பினார். முதல் மாதம், "அப்பா வண்டிய பழையபடி ஆக்கிடுங்கன்னு சொல்லியிருப்பா" என்றார். மூன்றாம் மாதம், "சொன்னா" என்றார். ஐந்தாம் மாதம் அதை உறவினர்கள் எனக்கே வந்து சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

இதற்கு நடுவே மச்சானின் வேலை ஒன்று இருக்கிறது. மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். சொந்த ஒர்க்ஷாப். எந்த வண்டியையும் காதால் கேட்டே சரி செய்பவர் என்று பெயர். அவள் போய்ப் பதினைந்தாம் நாள், மாமனாரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். செல்ஃப் ஸ்டார்ட்டர் இழுக்கும் சத்தம் நான்கு தடவை கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தது. பிறகு பலூன் வெடித்த மாதிரி ஒரு சத்தம். மச்சான் உள்ளே வந்து நின்றார். வலது புருவம் பாதி இல்லை.

"மாப்ளே, இது வேலைக்கு ஆகாது."

மாமனார் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "கெட்டிக்காரி. இதுல மட்டும் தோத்துட்டா."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அது தீர்ப்பு. நான் தொடாமல் வைத்திருந்த கேள்வியும் அதுதான்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேஜையின் நடுவில், செய்தித்தாளின் மேல், கார்பரேட்டர் உட்கார்ந்திருந்தது. மாமனார் அதைப் பிரித்து, ஒவ்வொரு துளையும் ஊதி, பித்தளைப் பாகங்களைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். அது அழகான பொருள்தான். அவள் சொன்னது சரி.

"அடுத்த மாசம் பழைய வண்டிங்க கண்காட்சி வருது, மாப்பிள்ளை" என்றார். "எல்லாம் ஒரிஜினலா இருக்கணும், அதுதான் சட்டம். இத மாட்டி, தொடச்சு, பானட் மேல அவ படம் வச்சு நிறுத்தலாம்னு இருக்கேன். அவ நினைவா."

"அவ ஆசையும் அதுதானே" என்றார் அத்தை, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"வர சனிக்கிழமை டோ வண்டி கொண்டாறேன்" என்றார் மச்சான். "ஒரே நாள் வேலை. அந்த ஊசியெல்லாம் புடுங்கிட்டா முடிஞ்சுது."

"மாட்டேன்" என்றேன்.

ஏழு மாதத்தில் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"என்ன மாட்டேன்?"

"வண்டிய தர மாட்டேன் மாமா."

"மாப்பிள்ளை, வண்டி என் பேர்ல இருக்கு."

"தெரியும். இன்ஜின் அவ பண்ணது."

மச்சான் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அலுத்த சிரிப்பு. "நீ பாட்டில் பாக்கறவன்டா மாப்ளே. ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா ஒனக்கு? பச்சைக் கொழந்தைக்குப் போடற மாதிரி வண்டிக்கு ஊசி போட்டுட்டு, கம்ப்யூட்டர் வேற வச்சிருக்கா. நடுரோட்ல தொங்கிப் போச்சுன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவியா?"

"ஆழம் தெரியாம கால விடாதீங்க" என்றார் மாமனார். "நானும் அவன்கூட நின்னு பாத்தேன். ஸ்டார்ட் ஆகல. அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. மனுஷங்க தோக்கறதுதான்."

"அவ தோக்கல மாமா."

"பின்ன?"

"ரெண்டு வாரம் குடுங்க. அந்தச் சனிக்கிழமை டோ வண்டி கொண்டு வாங்க. அவ வச்ச ஏற்பாட்டுல வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடலன்னா நானே கயிறு கட்டித் தரேன். கார்பரேட்டர மாட்டுங்க, படம் வைங்க, என்ன வேணா பண்ணுங்க. ஓடிச்சுன்னா இத யாரும் தொடக்கூடாது. அவ தோத்தான்னு யாரும் சொல்லக்கூடாது."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். மாமனார் கார்பரேட்டரை ஒரு விரலால் கொஞ்சம் நேராக்கி வைத்தார். "சரி" என்றார்.

வாசல் வரை வந்த மச்சான், "குரங்கு கையில பூமாலை" என்றார் மெதுவாக. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் ஓடும். விரிசல், குமிழி, கோணல் கழுத்து இருந்தால் தள்ளிவிடுவேன். படித்தது வேதியியல். மச்சான் சொன்னது உண்மை. ஸ்பேனர் எனக்கு அன்னியம்.

அவளுடைய நோட்டுப் புத்தகம் இருந்தது. லேப்டாப்பும் இருந்தது. முதல் வேலையாகத் தொட்டியிலிருந்த பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பிறகு அந்த ஏழு மாதத்துச் சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. முக்கியது. யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுவது போல ஒரு தடவை உதைத்து நின்றது. மறுபடி முயன்றேன். காற்றுக் குழாய் வழியாக வெடித்தது. நல்லவேளை, என் புருவம் தூரத்தில் இருந்தது.

அவள் எழுதிய பெட்ரோல் அட்டவணை லேப்டாப்பில் இருந்தது. குறுக்கே பதினாறு, நெடுக்கே பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த வேகத்துக்கும் அந்தக் காற்றுக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று ஓர் எண். கோப்பின் பெயர் 'அப்பா 1'. நான் அதைப் பிரதி எடுத்து எண்களை மாற்றினேன். கூட்டினேன். குறைத்தேன். குளிருக்கு அதிகம் கொடுத்தேன். பத்து நாளில் பதினேழு பிரதிகள். ஒவ்வொன்றும் வெடித்தது, அல்லது உதைத்தது, அல்லது பேசாமல் இருந்தது. எண்கள் எனக்குப் பழக்கம். மாற்ற முடிந்ததையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு நாள் அத்தை வந்தார். அவளுடைய துணிகளை எடுத்துப்போக. நான் கேட்டிருந்தேன். பீரோவைக் காலி செய்தார், அழவில்லை. பிறகு கொட்டகைக்கு வந்து, கருவிப் பெட்டியில் எதையோ பார்த்து நின்றார். ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி.

"இவ எப்ப நகத்துக்குப் போட்டா? நான் வாங்கிக் குடுத்தாகூடத் தூக்கிப் போடுவா."

"நகத்துக்கு இல்ல அத்தை. போல்ட்டுக்கு."

"போல்ட்டுக்கா?"

"முறுக்கி முடிச்சதும் போல்ட்டுக்கும் பக்கத்துல இருக்கறதுக்கும் சேத்து ஒரு கோடு போடுவா. பஸ் டிப்போவுல அப்படித்தான். அசைஞ்சா கோடு ரெண்டாயிடும்."

அத்தை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார். "என் மக என்ன கலர் போடுவான்னு இப்பதான் தெரியுது" என்றார். புட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமைக்கு நடுவில் இன்னும் ஒரே நாள். தொழிற்சாலையில் ஒரு புது ஷிப்ட் பொறுப்பாளர், பாட்டில்களில் குமிழி வருகிறது என்று உலையின் வெப்பத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். நான் போய்ச் சத்தம் போட்டேன். "உலைய தொடாதீங்க. மொதல்ல பாட்டில பாருங்க." குமிழி அச்சில் ஒட்டிய எண்ணெயால் வந்தது. உலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போது அந்த வாக்கியம் என் காதிலேயே இருந்தது. பத்து நாளாக நானும் உலையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

சட்டையை மாற்றாமல் கொட்டகைக்குப் போனேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை. டார்ச்சை எடுத்து, பாட்டிலைப் பார்ப்பது போல, முன்னாலிருந்து பின்னால், மேலிருந்து கீழ், அவள் போட்ட சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேடியேட்டர் பக்கம் ஆறு. காற்றுக் குழாயில் பன்னிரண்டு. இன்ஜெக்டர் தண்டில் நான்கு. எண்ணிக்கொண்டே போனேன். எல்லாம் மயிரிழை மாதிரி நேராக இருந்தன. சில கோடுகளின் முடிவில் ஒரு சின்ன வால் இருந்தது. அவசரமாகத் தூரிகையை எடுத்த இடங்கள். நாற்பது வரை நேர்.

நாற்பத்தொன்றாவது கோடு டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருந்தது. கோட்டில் பாதி இன்ஜின் மேல். மீதிப் பாதி டிஸ்ட்ரிபியூட்டர் மேல். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை.

குனிந்தபடியே மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், அன்னிக்கு ஸ்டார்ட் பண்ணப்ப டிஸ்ட்ரிபியூட்டர தொட்டீங்களா?"

"ஆமா, தொட்டேன். அதுக்கென்ன? நாலு தடவ இழுத்தும் வரல. குழாய் காலியோ என்னமோ, மொதல்ல பெட்ரோல் வர நேரம் ஆச்சு. நான் நெருப்பு விழற டைமிங்க கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சேன். எந்த வண்டியிலயும் அப்படித்தான் பண்ணுவேன். லூஸ் பண்ணு, திருப்பு, காதால கேளு, டைட் பண்ணு. எத்தன வருஷமா பண்றேன், கை தானா போகும்."

"இதுல திருப்பக்கூடாது மச்சான். டைமிங்க கம்ப்யூட்டர் பாத்துக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே எடத்துல நிக்குதுன்னு நம்பிதான் அது கணக்குப் போடுது. நீங்க அத திருப்பிட்டீங்க. அது ஒண்ணு நெனைக்குது, நெருப்பு வேற எடத்துல விழுது."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. யாரிடமோ, "நீ போ, நான் வரேன்" என்றார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அப்ப... நான் திருப்பலன்னா?"

"தெரியாது. அஞ்சாவது தடவ வந்திருக்கலாம்."

"அப்பா ஒரு தடவ அந்தச் சத்தத்த கேக்கணும்னாரு மாப்ளே. அதான். அவ பண்ணத ஓட வச்சுக் காட்டணும்னுதான் வந்தேன்."

"தெரியும்."

"அப்பாகிட்ட சொல்லிடாதே."

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்க சொல்லுவீங்க."

போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்து, போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினேன். இரண்டு பாதிக் கோடுகளும் ஒன்றோடு ஒன்று சேரும் வரை. முறுக்கினேன். லேப்டாப்பில் என்னுடைய பதினேழு பிரதிகளையும் அழித்தேன். 'அப்பா 1' மட்டும் மிஞ்சியது. அதையே கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன்.

ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், புத்தியுள்ளவன் பார்த்திருப்பான். அவள் போட்ட கோடு சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் அவள் வேலைக்கு நான் பரீட்சை வைப்பதாக இல்லை.

சனி காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பால், பல், தேநீர். பம்ப் சத்தத்துக்குப் போகவில்லை. கொட்டகைக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன்.

டோ வண்டி எட்டரைக்கு வந்தது. மச்சான் இறங்கினார். மாமனார் இறங்கினார், கையில் அட்டைப் பெட்டி. உள்ளே கார்பரேட்டர். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஒரு துக்கத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஸ்டார்ட் ஆச்சா மாப்பிள்ளை?"

"நான் பண்ணல மாமா. நீங்க பண்ணுங்க."

"வெளையாடாதீங்க. நான் வண்டி ஓட்டறதில்ல. கண்ணு..."

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல மாமா."

இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். மச்சான் பானட்டுக்குள் குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். புருவம் வளர்ந்திருந்தது, ஆனால் சரியாக வளரவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"அப்பறம் சொல்லு."

"இல்ல, இப்பவே. அன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்கு நான்தான் காரணம். அவ வச்சத நான் கழட்டித் திருப்பிட்டேன். பழக்க தோஷம். இன்னிக்கு இது ஓடுதோ ஓடலையோ, அன்னிக்குத் தப்பு அவளுது இல்ல."

மாமனார் கையிலிருந்த பெட்டியை மகனின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். "பிடி."

கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்த இருக்கை அவருக்கென்றே பள்ளமாகியிருந்தது. ஒரு வருடம் அவளும், ஏழு மாதம் நானும் உட்கார்ந்தும் அது மாறவில்லை. கிளட்சை மிதித்தார். கியரை ஆட்டி நியூட்ரலா என்று பார்த்தார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருத்தினார். ஆக்சிலேட்டரை மூன்று தடவை மிதித்தார். பிறகு அவருடைய கை, அவரைக் கேட்காமல், ஸ்டியரிங்குக்குக் கீழே போயிற்று. கோட்டுப் பொத்தானைத் தடவியது. அதை இழுத்துப் பார்த்தது.

"சோக் எங்க?"

மச்சான் குபீரென்று சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல மாமா. வேண்டாம். ஆக்சிலேட்டர்லேந்து கால எடுங்க. சாவிய ஒரு நிலை திருப்புங்க. பம்ப் சத்தம் வரும். அது நிக்கட்டும். அப்பறம் திருப்புங்க."

"கால எடுத்துட்டா எப்படிப்பா ஸ்டார்ட் ஆகும்?"

"எடுங்க மாமா."

எடுத்தார். பம்ப் உறுமி நின்றது. சாவியைத் திருப்பினார்.

ஒரு சுற்று. அரைச் சுற்று. பிடித்துக்கொண்டது. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. முதலில் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. அரை நிமிடத்தில் யாரும் ஒன்றும் செய்யாமலே தானாக இறங்கி, தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராக ஓடியது. கொட்டகைத் தகரம் மட்டும் மெல்ல அதிர்ந்தது. மச்சான் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் கை ஒரு தடவை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நீண்டது. தன் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டார்.

"திருத்தறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

மாமனார் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முதல் கியர் போட்டார். "டோ வண்டிய நகத்தச் சொல்லு" என்றார் மகனிடம். "வழில நிக்குது."

நகர்த்தினார்கள். வண்டி வெளியே போனது. தெருமுனையில் வலது பக்கம் திரும்பினால் காலியான சாலை. அவர் இடது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம்தான் நாற்சந்தி.

நானும் மச்சானும் வாசலில் நின்றோம். அவர் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. தூரத்தில் ஹாரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தோம்.

"மாப்ளே."

"சொல்லுங்க."

"பழையபடி ஆக்கிடுங்கன்னு தங்கச்சி சொன்னான்னு அம்மா சொல்றாங்களே. நெஜமாவே கடைசியா அதான் சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன ஒண்ணும் சொல்லலையா?"

தெருமுனையில் பச்சை வண்டி திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. அது கிட்டே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஸ்கேன் அறைக் கதவில் நர்ஸ் என்னை நிறுத்தினார், உள்ளே வரக்கூடாது என்றார். ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போய்விட்டது. அவள் தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டி எச்சரித்தாள்.

"அப்பா சோக் எங்கன்னு கேப்பாரு. சிரிச்சிடாதே."